ரூபன் இல்லாத ஆல்பம்

கூச்சமுள்ளவன் ஒரு முடிவெடுத்துவிட்டால் அவனைத் தடுக்க ஆளே கிடையாது. நான் பாடகனானது அப்படித்தான்.

மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாப் குழு வைத்திருந்தோம். கல்யாண வரவேற்புகளில் எங்கள் சொந்தப் பாட்டுகளைப் பாடுவோம். ரூபன் மெயின் பாடகன். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று செகண்ட் வாய்ஸ், அதாவது அவன் ராகத்துக்குக் கீழே ஒத்துப் பாடும் குரல். (அந்த முதுகு இல்லாவிட்டால் நான் மேடையே ஏறியிருக்க மாட்டேன்.)

ஆல்பத்துக்கு இசை மட்டும் பதிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ரூபனும் அவன் மச்சானான கீபோர்டுக்காரனும் பெங்களூர்க் குழு ஒன்றுக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் விழாவில் ஆல்பம் வெளியீடு என்று சர்ச்சில் அறிவித்தாகிவிட்டது.

"நீ பாடுடா. இல்லன்னா குழுவ கலைச்சிட்டுப் போவோம்" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் பிரபு.

"ஜனங்க முன்னாடி எனக்கு வராது பிரபு."

"ஸ்டுடியோல ஏதுடா ஜனம்? கண்ணாடி ரூம்ல ஒண்டியா நிப்ப."

பாடியே தீருவது என்று முடிவெடுத்தேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சாதகம். பக்கத்து சீட்டு அக்கா, "பல்லு வலியாப்பா? கிராம்பு வெச்சிக்க" என்றது.

ஏற்றுமதி அவசரத்தில் பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலூர் ஸ்டுடியோவுக்கு என்னோடு வந்தது, புதிதாகச் சேர்ந்த கீபோர்டுப் பெண் ரெபேக்கா மட்டும். அவள் எங்கள் பாட்டு எதையும் கேட்டதில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆறு பாட்டையும் மூச்சுவிடாமல் பாடி முடித்தேன்.

"ட்யூனே இப்டித்தானாண்ணே?" என்று ரெபேக்கா தயங்கினாள்.

"இப்டித்தாம்மா" என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

விழா அன்று காலையில்தான் ஆல்பம் கைக்கு வந்தது; யாரும் போட்டுக் கேட்கவில்லை. சர்ச் ஹாலில் ஸ்பீக்கர் முழங்கியது. முதல் வரியிலேயே பிரபுவின் முகம் மாறியது.

"டேய், இன்னாடா இது? செகண்ட் வாய்ஸ் மட்டும் வருது. பாட்டு எங்கடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடப் பழக்கத்தில், ஸ்டுடியோவில் என் தலைக்குள் ரூபன் பாடிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் வழக்கம்போல அவனுக்குக் கீழேயே பாடியிருக்கிறேன். எனக்கு முழுப் பாட்டும் கேட்டது. ஊருக்குப் பாதிதான் கேட்டது.

மேஜை விரிப்புக்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எங்கள் கம்பெனித் தையல் பிரிவுப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல், ஸ்பீக்கரில் இல்லாத ராகத்தை எடுத்துப் பாட ஆரம்பித்தார்கள். கல்யாணம் கல்யாணமாகக் கேட்ட பாட்டாயிற்றே! அடுத்த வரியில் ஹாலே பாடியது. பிரபு மைக்கைப் பிடுங்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். ஆறு பாட்டும் அப்படியே ஓடியது. குழு கலையவில்லை. எங்கள் ஆல்பத்தை மட்டும் யாரும் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை. கூடப் பாடித்தான் ஆகவேண்டும்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா ஒண்ணுமே பேசலியே?" என்றார்கள்.

என் மனைவி காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரு செகண்ட் வாய்ஸுங்க. நான் ஆரம்பிச்சாதான் வருவாரு."