கல்லறைக் குழாய்க் காப்பி

எழுபத்தோராம் வயதில் எட்மோன் ஒரு சபதம் எடுத்தார். வீட்டு வண்டியை விற்றே தீர்வது.

சக்கரம் வைத்த வீடு அது. இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர்தான் நிற்கலாம். பன்னிரண்டு வருடமாகப் பிரான்சின் வடக்குக் கரையெல்லாம் அதில்தான் அலைச்சல். ஓட்டுவது அவர், எங்கே என்று சொல்வது மனைவி சொலான்ஜ். அவருக்கோ லான்ஸ் பக்கத்துப் பழைய சுரங்கக் குடியிருப்பில் அடுப்போரம் ஒரு நாற்காலி, கொல்லையில் முப்பத்திரண்டு பந்தயப் புறாக்கள். இதற்குமேல் உலகத்தில் என்ன இருக்கிறது?

ஆனால் விற்கலாம் என்பதை அவள் வாயால் வரவழைக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, நவம்பர்.

"இந்த வருஷம் லீவுக்குப் போனவங்க எல்லாரும் திரும்பினப்புறம் கெளம்பலாம் சொலான்ஜ். கூட்டமே இருக்காது."

"நவம்பர்லயா? குளிருமே."

"வீட்டுக்குப் போலாம்னு நீ சொல்லு, அன்னைக்கே வண்டிய வித்துடலாம்."

"நீங்க சொன்னா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"சொன்னா?"

"நீ போதும்கிற வரைக்கும் ஓட்டறேன். போதுமா?"

சொலான்ஜ் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து கம்பளிகளை மடிக்கப் போனாள்.

அவர் நம்பியது குளிரை அல்ல. அவள் குளிரில் பிறந்தவள். தண்ணீரை நம்பினார். வீட்டு வண்டிகள் நிற்கும் திடல்களில் நவம்பர் பிறந்ததும் குழாயை அடைத்துவிடுவார்கள், உறைபனியில் வெடித்துவிடும் என்று. கரையோரக் கடைகளும் பாதி பூட்டிக் கிடக்கும். புறப்படும்போதே வண்டியின் தண்ணீர்த் தொட்டியை அரைகுறையாக நிரப்பினார். கூடிப்போனால் ஐந்து நாள் தாங்குவாள் என்று கணக்கிட்டு, பக்கத்து வீட்டு வ்லாதெக்கிடம் புறாக்களுக்கு ஐந்து நாள் தீனியை அளந்து கொடுத்தார். எட்டாம் தேதி காலை கிளம்பினார்கள்.

சோம் ஆற்றின் கழிமுகம். வானம் எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல். திடலில் இவர்களைத் தவிர ஒரு கடற்காகம். குழாயின் தலையில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. எட்மோன் அதன்முன் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு நின்றார்.

"அடடா, தண்ணி இல்லையே!"

"ஆமா" என்றாள் சொலான்ஜ். கையில் கேன், கக்கத்தில் ஒரு செவ்வந்தித் தொட்டி.

"எங்க போற?"

"கல்லறைக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்லறைத் திருநாள் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. கல்லறைகளில் வைத்த செவ்வந்திகளுக்கு ஊர்க்காரர்கள் நீர் வார்க்க வேண்டுமே! முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் பதினொன்று வரைக்கும் அந்தக் குழாயை மட்டும் யாரும் அடைக்க மாட்டார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் மறந்துபோனார்.

ஓடிப்போய் வண்டியின் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே இன்னும் மூன்று செவ்வந்தித் தொட்டிகள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

அவள் கேன் நிறையத் தண்ணீரோடு திரும்பினாள்.

"பூ எங்க?"

"லெயோனின்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசுல போயிருக்கா. நூறு வருஷம் ஆச்சு, யார் வருவா? அவளுக்கு வெச்சுட்டேன்."

"செத்தவங்க தண்ணியில காப்பியா?"

"அவங்க ஒண்ணும் வேணாம்னு சொல்லலையே."

மறுநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பூ வைத்தாள். அதற்கு மறுநாள் கடலில் போன இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு. உடல்கள் கிடைக்கவில்லையாம், கல்லில் பேர் மட்டும்தான் என்றாள். எட்மோன் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாம் தேதி அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, அவரை அறியாமல் வாய் கேட்டது: "இன்னைக்கு யாரு?"

பன்னிரண்டாம் தேதி, காயே ஊரின் கூழாங்கல் கரை. காலையில் கேனோடு போனவள் வெறுங்கேனோடு வந்தாள்.

"கல்லறைக் குழாயையும் கட்டிட்டாங்க."

எட்மோன் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பு தெரியாமல் இருக்க. "தொட்டியும் காலி. இனி நீதான் சொல்லணும்."

"எனக்கென்ன? ஆப்பிள் இருக்கு, கடிச்சுக்கறேன்."

அவர் மறந்துபோன இரண்டாவது விஷயம் இது. பிரான்சின் வடக்கத்தி வீடுகளில் காப்பிப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்குவதில்லை. எட்மோன் தாய்ப்பால் மறந்த கையோடு காப்பியைப் பிடித்தவர். எட்டு மணிக்கு அவருக்குத் தலை கனத்தது. ஒன்பதுக்குக் கொட்டாவி. பத்துக்குக் காலிக் காப்பிப் பாத்திரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். சொலான்ஜ் ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தாள், தோல் அறுபடாமல், நீளமாக.

"பக்கத்துல கடை..."

"பூட்டியிருக்கு. பாத்துட்டுத்தான் வந்தேன்."

பதினோரு மணி.

"வீட்டுக்குப் போலாம்."

"என்ன சொன்னீங்க? காத்துல கேக்கல."

"வீட்டுக்குப் போலாம்னேன்! போதும்!"

"சொன்னது நீங்கதான்" என்று சொலான்ஜ் கத்தியைத் துடைத்து வைத்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கினாள். அடியில் எட்டுப் பாட்டில் தண்ணீர் வரிசையாகப் படுத்திருந்தது. முந்தின நாள் பிடித்தது. ஒன்றைத் திறந்து காப்பிக்கு வைத்தாள்.

மணம் எழுந்தபோது எட்மோனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"ஏன் சொலான்ஜ்? இந்தப் பாழுங்காத்துல உனக்கு என்னதான் இருக்கு?"

அவள் கோப்பையை அவர் கையில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்ல நீங்க விடிஞ்சா அடைஞ்சா புறாகிட்டயே பேசறீங்க. இங்க ரெண்டு மீட்டர்தான் எடம், என்னை விட்டா யாரும் இல்ல. நேத்து என்னைக் கேட்டீங்களே, இன்னைக்கு யாருன்னு. நான் எங்க போயிட்டு வந்தேன்னு நீங்க கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

காப்பியைக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. வெளியே கூழாங்கற்கள்மேல் கடல் ஏறி, சலசலவென்று இறங்கியது.

பிறகு, மூழ்குகிறவனுக்குக் கிடைத்த பலகைபோல் ஒன்று நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி. ஆனா புறாங்களுக்கு இன்னையோட தீனி தீந்துடுமே! அதுங்களைப் பட்டினி போட முடியுமா?"

"நீங்க அஞ்சு நாளைக்கு அளக்கறப்ப நான் ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன்" என்றாள் சொலான்ஜ். "அன்னைக்குச் சாயந்தரமே ஈஸ்டர் வரைக்கும் தாங்கற தீனி மூட்டைய வ்லாதெக் வீட்ல எறக்கிட்டேன்."