நாற்பதாவது பாட்டு

ரேடியோவின் திருகு கையோடு வந்துவிட்டது.

"ஏங்க, சத்தத்தைக் கூட்டுங்க" என்று மனைவி குளியலறைக்குள்ளிருந்து சொன்னதால்தான் அவர் அதைத் திருகினார். இப்போது திருகு உள்ளங்கையில் இருந்தது. பாட்டு உச்சத்தில் இருந்தது. குறைக்க வழியில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். குறடு எடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் நின்றுபோய், காலையிலேயே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

"சாயங்காலம் சரி பண்றேன். கேக்குதா?"

"தெரு முழுக்கக் கேக்குது" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாட்டையும் மீறிக் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதினொன்றரைக்கு அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீசிலிருந்து போன் வந்தது. கவுண்டரில் தபால்தலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தலையைக் கவிழ்த்திருக்கிறாள். ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்து, வரிசையில் முதலில் நின்றவர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தாராம். மெக்கானிக் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது யாருக்கும் செய்வதற்கு வேலை மிச்சமில்லை. இருதயம் என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, புவியியல் வாத்தியார் போன் செய்தார்.

வாத்தியாரை அவருக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தபால் ஆபீஸ் வரிசையில் நின்றவர். எதிர்க்கடையில் அலறிக்கொண்டிருந்த பாட்டுத்தான் அந்த வருஷத்தின் முதலிடப் பாட்டு என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். கவுண்டருக்குள்ளிருந்து இவர் மனைவி, கையில் முத்திரையோடு, "பத்துக்குள்ளகூட வராது" என்றாளாம். பின்னால் நின்ற பல் டாக்டரம்மா ஒரு பக்கமும், அவருக்கும் பின்னால் நின்ற தையல்காரர் இன்னொரு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்குக் கவுண்டரை மூடப் பத்து நிமிஷம் தாமதமாயிற்று.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குத் தையல்கடையில் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நான்கு பேர் கூடுவார்கள். ஒரு நீள நோட்டு. அதில் நாற்பது பாட்டு, ஒன்றிலிருந்து நாற்பது வரை. புதுசு ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். ஒரு பாட்டை மேலே ஏற்ற வேண்டுமானால் கேட்பவரோடு இன்னொருவரும் சம்மதிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நாற்பதையும் கீழிருந்து மேலாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது எழுந்து பேச வேண்டும். பேச ஆளில்லாத பாட்டை வாத்தியார் பென்சிலால் அடித்துவிடுவார்.

"அக்கா போட்ட மத்த பாட்டுக்கெல்லாம் நாங்க பேசிடுவோம் சார்" என்றார் வாத்தியார். "நாற்பதாவதுக்குத்தான் ஆள் இல்ல. எங்க மூணு பேருக்கும் அது ஆகாது. அடிச்சிடவும் மனசு வரல. அதான் உங்களைக் கேக்கலாம்னு."

எந்தப் பாட்டு என்று கேட்டார் மெக்கானிக். வாத்தியார் போனிலேயே முனகிக் காட்டினார்.

அதே பாட்டு. திருகு கையோடு வந்த அன்று ஓடிய பாட்டு.

அது ஒரு கதவைப் பற்றிய பாட்டு. ஒருவன் வெளியே நின்றுகொண்டு கதவைத் திறக்கச் சொல்லிப் பதினோரு முறை கெஞ்சுவான். நடுவில் மத்தளத்தை யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டது போல் ஒரு சத்தம். அப்புறம் ஒரு விசில். கடைசியில் தேம்பல். கதவு திறக்காமலே பாட்டு முடிந்துவிடும். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் முதன்முதலாக அதைக் கேட்டார். ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி, "எப்படி இருக்கு?" என்றாள். கல்யாணமாகி ஆறே நாளான மனுஷன் வேறென்ன சொல்வான்? பிரமாதம் என்றார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அவள் சத்தத்தைக் கூட்டுவாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷம் அவள் உயிராய் ரசித்த பாட்டைக் கடைசி இடத்தில் தள்ளி வைத்திருக்கிறார்கள். இப்போது அதையும் அடிக்கப் போகிறார்களாம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானே வந்து பேசுறேன்" என்றார்.

"உங்களுக்கு அந்தப் பாட்டுன்னா..." என்று வாத்தியார் இழுத்தார்.

பிடிக்காதவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றியது. "உயிர்" என்றார்.

"தெரியும் சார்" என்றார் வாத்தியார், ஏனோ மிகவும் மெதுவாக.

சனிக்கிழமை மேஜையைச் சுற்றி நான்காவது முக்காலி காலியாக இருந்தது. அவர் அதில் உட்காராமல் ஒரு துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், நாற்பதில் வைப்பது அநியாயம், பத்துக்குள் வர வேண்டிய பாட்டு என்று போட்டு உடைத்தார். டாக்டரம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். வாத்தியார்தான் தொண்டையைச் செருமி, பாட்டை மேலே ஏற்றச் சொல்பவர் மேலே இருக்கும் எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேட்டிருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று சொல்லி, பட்டியலையும் பாட்டுகளையும் கொடுத்தனுப்பினார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மெக்கானிக் வேலை நேரத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முப்பத்தொன்பதாவது பாட்டு நன்றாக இருந்தது. முப்பத்தெட்டு அதைவிட நன்றாக இருந்தது. இருபத்தாறாவதை இரண்டு தடவை கேட்டார். பன்னிரண்டாவது பாட்டின்போது மோட்டார் அறையில் கிரீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்காக அதை எடுத்தோம் என்பதே மறந்து நின்றார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் கவனித்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அது காலியாக இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கதவுப் பாட்டைவிட மட்டமான பாட்டு முப்பத்தொன்பதில் ஒன்றுகூட இல்லையே.

அடுத்த சனிக்கிழமை மனசாட்சியைத் துணிக்கட்டுக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினார். டாக்டரம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நடுவுல அந்த விசில் எதுக்கு சார்?"

"கதவு திறக்குமான்னு காத்திருக்கிறான்ல, அப்ப அடிக்கிறது."

"அழுதுக்கிட்டே விசில் அடிக்க முடியாது. உதடு ஒத்துழைக்காது. நான் பல் டாக்டர், சொல்றேன்."

வாத்தியார் தன் பங்குக்கு, பதினோரு தடவை கூப்பிட்டும் திறக்கவில்லை என்றால் வீட்டில் ஆளே இல்லை என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியுமே என்றார். மெக்கானிக் இதே வார்த்தைகளில் இதையே இருபத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். "காத்துக்கிட்டு நிக்கிறதுலதான் சார் காதலே இருக்கு" என்று சொல்லிவிட்டு, காது சூடாவதை உணர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. மாறாக மூன்று பேரும் அவரை ஒரு மாதிரி பரிவோடு பார்த்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டாக்டரம்மாவை வளைத்தால் போதும் என்று கணக்குப் போட்டார். டாக்டரம்மாவின் கிளினிக் இருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அவர் பராமரிப்பில்தான் இருந்தது. அது பேசும் லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொல்லும். குரல் ஒரு சின்ன கார்டில் இருந்தது. அந்தக் கார்டில் பாட்டையும் ஏற்றிவிட்டால், டாக்டரம்மா தினமும் நாலு தடவை ஏறி இறங்கும்போது பாட்டு தானாகவே மனசில் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டு ஏறியது. பெண் குரல் அழிந்தது. அது மட்டுமில்லை. கதவு மூடும் ஒவ்வொரு முறையும் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் கட்டட மேனேஜர் கூப்பிட்டார். "ஏறிக் கதவு மூடினதும், கதவைத் திற கதவைத் திறன்னு ஒருத்தன் கத்துறான். உள்ள இருக்கிறவங்க அலறி அடிச்சுக்கிட்டு இறங்கி ஓடுறாங்க. கன்னம் வீங்கின ஆளெல்லாம் படியேறிப் போறாங்கப்பா."

மெக்கானிக் ஓடினார். அவசரத்தில் மின்சாரத்தை நிறுத்தாமல் கார்டைப் பிடுங்கினார். லிஃப்ட் பயந்துபோய் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அப்படி நின்றால், உள்ளே இருப்பவர்கள் கலவரப்படாமல் இருக்க, கடைசியாகச் சொன்ன செய்தியைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு ஆள் வரும்வரை பேட்டரியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசிச் செய்தி அந்தப் பாட்டு. முழுப் பாட்டு.

உள்ளே இருந்தது டாக்டரம்மாவும், எக்ஸ்ரே எடுக்க அவர் கீழே கூட்டிப்போன ஒரு நோயாளியும்.

முப்பத்தேழு நிமிஷம் ஆயிற்று. அவர் சாவி போட்டு வெளிக்கதவை நெம்பியபோது, டாக்டரம்மாவின் முகம் அவருடைய செருப்புக்கு நேராக இருந்தது. பக்கத்தில் நோயாளி, வாயில் பஞ்சும் கண்ணில் தண்ணீருமாக, விசில் வரும் இடத்தில் மிகச் சரியாக விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, கையைக் குடுங்க."

டாக்டரம்மா கையைக் கொடுக்கவில்லை. "ஒம்பது தடவை" என்றார். பிறகு நோயாளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "விசில் விஷயத்துல மட்டும் நான் சொன்னது தப்பு" என்றார்.

வருஷ வாசிப்பு மறுநாள்தான். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். போகாவிட்டால் பென்சில் கோடு விழும். அவள் காலமான பிறகும் இந்த ஊரில் அவள் சொல்லுக்காக நின்றுகொண்டிருப்பது அந்த ஒரு வரிதான். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் இருபத்தாறாவது பாட்டைத் தன்னை அறியாமல் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

கடையில் எல்லாரும் வந்திருந்தார்கள். டாக்டரம்மா காலி முக்காலியை அவர் பக்கம் காலால் நகர்த்தினார். அவர் அதில் உட்கார்ந்தார். கீழிருந்து மேல் என்பதால் முதலிலேயே அவர் முறை. வாத்தியார் நோட்டைப் பிரித்து, பென்சிலை எடுத்து, "நாற்பது" என்றார்.

மெக்கானிக் எழுந்தார். தாளமும் காதலும் கலந்து நாலு பொய் தயாராக வைத்திருந்தார். முப்பத்தொன்பது நல்ல பாட்டைக் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றுகூட வரவில்லை.

"எனக்கு இந்தப் பாட்டு பிடிக்காதுங்க" என்றார். "பஸ்ஸுல முதல்ல கேட்ட அன்னிலேருந்தே பிடிக்காது. உங்ககிட்ட பொய் சொன்னேன். அவகிட்டயும் சொன்னேன், இருபத்திரண்டு வருஷமா. ஆனா அவளுக்கு இதுன்னா அவ்வளவு இஷ்டம். எங்க பாடினாலும் சத்தத்தைக் கூட்டுவா. பத்துக்குள்ள எல்லாம் வேணாம். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். இதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் தெரியல."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டாக்டரம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. பென்சில் நோட்டின்மேல் அப்படியே கிடந்தது.

அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசாத தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அக்காவுக்கும் அது ஆகவே ஆகாது, 'எனக்குச் சகிக்கல, ஆனா வீட்ல அவருக்குன்னா உயிர், ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும்'னு பதினோரு வருஷமா எங்க மூணு பேரோடயும் மல்லுக்கட்டி அதை நாற்பதுல வச்சிருந்தாங்க, இன்னிக்கும் நாற்பதுதான்."