ஐந்தடி தள்ளி, கண்ணெதிரே

"இந்த சுவிட்சைப் பிடுங்குங்க," என்றாள் மின்சார இன்ஸ்பெக்டர் நோரீன்.

வெர்லின் ஹாகன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பினார். அரை நாள் வேலை அது. தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டிக்காகப் போட்ட சிமென்ட் மேடையின் ஓரத்திலேயே, தொட்டிக்குள் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்த சுவிட்ச்.

"வசதியா இருக்கட்டும்னுதான் மேடம்..."

"ஈரக் கையோட தொட்டா நேரா மேல போய்ச் சேரவும் வசதிதான். தண்ணியிலேருந்து அஞ்சடி தள்ளி வைங்க."

இன்ஸ்பெக்டர் அம்மாள் 'தேறவில்லை' என்ற சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள்.

பனி சீக்கிரமே விழும் பெமிட்ஜி ஊரில் அக்டோபர் பாதி ஓடிவிட்டது. மண் உறைந்தால் கடப்பாரைகூட இறங்காது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டிலிருந்த மனைவி டார்லிஸ், அங்கிருந்தே தொட்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை தொட்டியும் வருகிறது, அவளும் வருகிறாள். "நீ வந்து கால் நனைக்க வேண்டியதுதான் பாக்கி" என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார் வெர்லின்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார் வெண்டல். நாற்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் வேணா வரட்டுமாடா?"

"ஒண்ணும் வேணாம். புத்தகத்தைப் பாத்தே பண்ணிடுவேன்."

"பண்ணு, பண்ணு. எனக்கும் பொழுது போகணுமில்ல."

ஐந்தடி என்ன ஐந்தடி! ரோஷத்தில் இருபதடி தள்ளி, தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கட்டை நட்டு வைத்தார் வெர்லின்.

நோரீன் மறுபடி வந்து மேடையில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "சுவிட்ச் எங்க?"

"கொட்டகைக்குப் பின்னாடி. பத்திரமா இருக்கு."

"இங்க ஒருத்தர் ஷாக் அடிச்சுத் துடிக்கும்போது கொட்டகையைச் சுத்தி ஓடுவீங்களா? இங்கேருந்து பாத்தா தெரியணும்."

வெர்லின் ராத்திரி பூராவும் யோசித்தார். சுவிட்சை மறுபடி கழற்றுவதைவிடக் கொட்டகையைக் கழற்றுவது கௌரவமாகப் பட்டது. கழற்றினார். உள்ளே இருந்த தூண்டில்கள் குளியலறைக்குப் போயின. படகு எஞ்சின் சோபாவில் உட்கார்ந்தது.

மூன்றாவது முறை நோரீன் மேலே பார்த்தாள். கரண்டுக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர், மேடைக்கு நேர் மேலே போய்க்கொண்டிருந்தது.

"இதைப் போன தடவையே சொல்லக் கூடாதா மேடம்?"

"போன தடவை உங்க கொட்டகையைப் பாத்து அசந்து போயிட்டேன்."

ஒயர் நகராது, ஆகவே மேடை நகர்ந்தது. பழையதை உடைத்து, கொட்டகை இருந்த காலி இடத்தில் புதிது போட்டார். அதற்குப் புதுப் பள்ளம் தோண்டியதில் வெண்டல் வீட்டு இன்டர்நெட் கேபிள் அறுந்தது.

வேலிக்கு மேலே வெண்டலின் தலை சீறிக்கொண்டு எழுந்தது. "அடப்பாவி! ஹாக்கி மேட்ச்சு! ரெண்டுக்கு ரெண்டு! இன்னும் ஒரு நிமிஷம் இருந்துச்சுடா!"

வெர்லின் டேப்பை வைத்துப் புது மேடையிலிருந்து சுவிட்சுக்கு அளந்துகொண்டிருந்தார். நாலடி.

டேப்பைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக. "கொஞ்சம் வர்றீங்களா?"

வெண்டல் முறைத்தார். பிறகு வேலியைத் தாண்டி வந்தார். "வர்றேன். ஆனா ஹாக்கின்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வெள்ளிக்கிழமை மதியம் நோரீன் அளந்தாள், குனிந்தாள், அண்ணாந்து பார்த்தாள். பிறகு 'தேறியது' சீட்டை ஒட்டினாள். "பத்து வருஷத்துல இவ்வளவு சுத்தமான வேலையைப் பாத்ததில்ல." இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் டார்லிஸுக்கு முன்னாலேயே லாரி வந்துவிட்டது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட டிரைவர் பெண் குதித்து இறங்கினாள்.

"அஞ்சடி தள்ளி, கண்ணெதிரே!" என்று வெர்லின் சுவிட்சைக் காட்டினார். "ஒயர், குழாய், பிரேக்கர் எல்லாம் ரெடி. கனெக்‌ஷன் குடுக்க வேண்டியதுதான்."

அவள் சுவிட்சைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தாள்.

"கரண்டு வேலை பிரமாதம் சார். ஆனா இது அடுப்பு மூட்டிக் காய்ச்சற தொட்டியாச்சே... விறகு எங்க அடுக்கி வெச்சிருக்கீங்க?"