நான் ஃபில்டர் காயப்போட்ட இடம்

ஒரு ஃபில்டரைக் கழுவிக் காயவைக்கப் போய், இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தவன் நான். அந்த இரண்டு பேரில் ஒருவர் என் மருமகள். மற்றவர் நானேதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், தூள் சலிக்கும் அறையில் பல வருஷம் நின்றேன். அங்கே தூளிலிருந்து பொன்னிறப் பஞ்சு மாதிரி ஒரு தூசி பறந்துகொண்டே இருக்கும். அது என் மூக்குக்கு ஆகவில்லை. தும்மல் தாங்காமல், கடைசியில் என்னைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, மடுவத்துக்கு, மாற்றிவிட்டார்கள். (நானாகக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். எனக்காகத் தும்மல்தான் பேசியது.)

என் மகன் சுதாகருக்குக் கொழும்பில் ஏசி பூட்டுகிற வேலை. அவன் கட்டிய பெண் நிரோஷாவும் கொழும்புதான். அவளுக்கும் தூசி ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோது, எங்கள் வீட்டு அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. அன்றைக்கே இரண்டு பேரும் நுவரெலியாவில் ரூம் எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சுதாகர் மட்டும் காலையில் வருவான், சாயங்காலம் போவான். என் மனைவி பார்வதி, அவர்களுக்கென்று வாங்கிய புதுப் போர்வையைப் பிரிக்கவே இல்லை.

அதற்காகத்தான் சுதாகர் அந்த மெஷினைக் கொண்டுவந்தான். சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு மாட்டினான். ஜன்னலை மூடிவிடலாம்; அது வெளிக்காற்றை இழுத்து, கறுப்பு ஸ்பொஞ்சு போன்ற ஒரு ஃபில்டர் வழியாகச் சுத்தப்படுத்தி அறைக்குள் விடும். போகும்போது ஒரு அட்டையில் எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினான். ‘இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவவும். வெளிப்பக்கத்து வலையைத் துடைக்கவும். ஃபில்டர் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவும். ஈரமாக மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.’ கடைசி இரண்டு வரிக்கும் கீழே சிவப்புக் கோடு.

“அப்பா, கோயில் திருவிழாவுக்கு நிரோஷாவ கூட்டிக்கிட்டு வாறேன். மூணு நாள் இருப்போம். அவளுக்கு இந்தத் தடவையும் இழுத்திச்சுன்னா, பொறகு நான் கூப்பிட மாட்டேன்.”

நான் அந்த அட்டையைத் தினமும் படித்தேன். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு சவர்க்காரம் போட்டு ஃபில்டரைக் கழுவினேன். வலையைத் துடைத்தேன். அதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி. பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை பெய்தால் கட்டியிருக்கிற வேட்டியே காயாது. ஸ்பொஞ்சு எப்படிக் காயும்?

“அடுப்புக்கு மேல கட்டுங்களேன்” என்றாள் பார்வதி.

“ஒனக்கு வெவரம் பத்தாது. பொகை ஏறிரும்” என்றேன். (ஃபில்டர் விஷயத்தில் நான் அப்போது பெரிய ஆள்.)

பக்கத்து வீட்டுச் செல்லத்துரை ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் மெஷினில் வேலை செய்பவன். அவனிடம் சொன்னேன்.

“இதுக்குப் போயி மொகத்த இப்படி வச்சிருக்கீங்களே அண்ணே! எங்கிட்ட குடுங்க. நாளைக்கு அப்பளமாத் தாறேன்.”

கொடுத்தேன். மெஷினுக்குப் பக்கத்துக் கம்பியில், சூடு நன்றாகப் படுகிற இடத்தில், இரண்டு நாள் தொங்கவிட்டிருக்கிறான். அந்தக் கம்பிக்கு நேர் எதிரே இருப்பது தூள் சலிக்கும் அறையின் வாசல்.

ஃபில்டர் மொறுமொறுவென்று திரும்பி வந்தது. கறுப்பாகப் போனது கொஞ்சம் பொன்னிறமாக இருந்தது. சூட்டில் நிறம் மாறிவிட்டது என்று நினைத்தேன். மாட்டும்போது எட்டுத் தும்மல் வந்தது. மழையில் நனைந்த சளி என்று நினைத்தேன். இவ்வளவு நினைத்தவன், மெஷினை ஒரு தடவை போட்டுப் பார்க்க மட்டும் நினைக்கவில்லை. ஃபில்டர் அழுக்காகிவிடுமாம்!

அன்றைக்கு மத்தியானம் சுதாகரும் நிரோஷாவும் வந்தார்கள். “வாம்மா” என்றேன். மருமகளிடம் அதுவரை நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அவளைப் புதுப் போர்வை விரித்த கட்டிலில் உட்காரவைத்து, மெஷினுக்கு நேரே முகம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நம்பரில் போட்டேன்.

முதலில் நல்ல தேயிலை வாசம் வந்தது.

அடுத்த நிமிஷம் அறை முழுக்கப் பொன்னிறமாகப் பறந்தது. போர்வையில், பார்வதியின் கொண்டையில், தட்டில் வைத்திருந்த முறுக்கில் எல்லாம் படிந்தது. நிரோஷா தும்மத் தொடங்கினாள். அவளுக்குப் பதில் சொல்வது போல நான் தும்மினேன்.

“அப்பா, நிப்பாட்டுங்க!” என்று சுதாகர் கத்தினான். நான் சுவிட்சைத் தேடித் தும்மித் தும்மி அட்டையைக் கிழித்துவிட்டேன். அவன்தான் பாய்ந்து நிறுத்தினான். அதற்குள் அவள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. பையிலிருந்த மூச்சு மருந்துப் பம்பை வாயில் அடித்தும் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் முகமூடி மாட்டி, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். பார்வதி ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இனி இந்தப் பிள்ளை நம் வீட்டு வாசலை மிதிக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை.

கொஞ்சம் மூச்சு வந்ததும், நிரோஷா முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்க ஏன் தும்முறீங்க?”

“எனக்கும் தேயிலைத் தூசி ஆகாதும்மா. அதான் தூள் சலிக்கிற ரூமுலயிருந்து என்னைய மாத்துனாங்க.”

“அப்ப ஃபில்டர எங்க காயப்போட்டீங்க?”

சொன்னேன்.

“ஒங்களுக்கே ஆகாத எடத்துல போயி...”

“நான் உள்ள போகலம்மா. ஃபில்டர் மட்டுந்தான் போச்சு.”

அவள் சிரித்தாள். முகமூடிக்குள் இருமல் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். தாதி வந்து இரண்டு பேரையும் அதட்டினார். அதைப் பார்த்து பார்வதி அழுகையை நிறுத்திவிட்டாள்.

நுவரெலியாவில் ரூம் கேட்கச் சுதாகர் ஃபோனை எடுத்தான். “வேணாம்” என்றாள் அவள். “மாமாவையும் அந்த ரூமையும் தனியா விட்டுட்டுப் போனா இன்னும் என்னமும் செஞ்சிருவாரு.”

வீடு முழுவதையும் ஈரத் துணியால் துடைத்து, அவள் காவலில் ஃபில்டரைத் திரும்பக் கழுவினோம். அது காய்கிற வரை அவள் முன்னறையில் படுத்தாள். மூன்று நாளும் இருந்தாள்.

இப்போதும் வீட்டில் யார் தும்மினாலும், “மாமா ஃபெக்டரிக்குப் போயிட்டு வந்தாரா?” என்றுதான் கேட்கிறார்கள். நிரோஷா வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறாள். வந்ததும் பையிலிருந்து முதலில் எடுப்பது ஒரு புது ஃபில்டர். நான் கை நீட்டுவேன். அவள் என்னைத் தாண்டி, அதைப் பார்வதியிடம் கொடுப்பாள்.