தராசு ஆய்வாளரான அண்ணனுக்கு, அவர் பதவியைத் தட்டச்சு செய்து ஒழித்த தங்கை எழுதுவது

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் இரு கடிதங்களுக்கும் பதிலிறுக்கத் தாமதமானமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். தராசு ஆய்வாளர் பதவியை ஒழிக்க வேண்டும் என்னும் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தமையால் ஓய்வு கிட்டவில்லை. அது தாங்கள் வகிக்கும் பதவியே என்பதை நான் அறியாமல் இல்லை.

எங்கள் ஆய்வு மையத்தின் கொள்கை தாங்கள் அறிந்ததே: அரசு விலகி நின்றால் கடைவீதி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். சேர்ந்த புதிதில் ஆவல் மேலிட்டு இயக்குநரிடம் கேட்டேன்.

"ஐயா, சட்டம் நாமளா போடுறோம்?"

"இல்லம்மா. சட்டம் போடுறவங்க மேசையில ஒரு காகிதம் வைக்கிறோம். அவ்வளவுதான்."

"வெச்சு?"

"பன்னெண்டு வருஷமா வெச்சுக்கிட்டே இருக்கோம். அதுமேல அவங்க காபி டம்ளரை வைக்கிறாங்க."

காரணம் எனக்கு விளங்கிற்று. மையத்தாரின் தமிழ் அப்படி. அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் தங்கள் பதவியை ஒழிக்கும் வாக்கியம் வந்ததும் என் விரல் நின்றது உண்மை. ஆயினும் அந்த வாக்கியம் ஏழு வரி ஓடியும் கரை சேரவில்லை. அகராதியை மடியில் வைத்துத் தானே தமிழ் பயின்றவள், அண்ணன் என்று பார்ப்பேனா, வாக்கியம் என்று பார்ப்பேனா? "ஏமாற்றிய கடைக்கு மறுமுறை எவரும் போவதில்லை, விலகிப் போகும் அந்தக் கால்களைவிடக் கண்டிப்பான அதிகாரி யார்?" என்று திருத்திவிட்டேன்.

அமைச்சர் டம்ளரை எடுத்துவிட்டு வாசித்திருக்கிறார். அவையில் அந்த வரியை இருமுறை சொன்னார், மேசைகள் அதிர்ந்தன. வானொலியில் கேட்டபோது, அண்ணா, நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். மறுவாரம் ஆணை வந்தது. அண்ணியார் தொலைபேசியில், "நாத்தனாரே, கோடாலிக் காம்புன்னா அது நீங்கதான்! வருஷக் கடைசியோட வீட்ல உக்காரப் போறாரு மனுஷன்!" என்றார். உவமை பொருத்தமானதே.

ஆகவே, ஆணையை நிறுத்தக் கோரும் மனுவையும் தங்கள் பெயரில் நானே எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். "ஏமாந்தது தெரிந்தால் அல்லவா கால் விலகும்? தெரியவைப்பது என் முத்திரை" என்று முடித்திருக்கிறேன். அமைச்சர் இதையும் வாசித்தே தீருவார். கையொப்பமிட்டு அனுப்பி வைக்கவும். அண்ணியாருக்கு, அவர் ஏற்பாரானால், என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
தலைமைத் தட்டச்சர்

பின்குறிப்பு: கையொப்பமிட வேண்டாம். உறையை ஒட்டும் வேளையில் இயக்குநர் வந்து, "யாராவது எதிர்த்து மனு போடுவாங்கம்மா. அதுக்குப் பதிலை இப்பவே உங்க நடையில எழுதி வெச்சிருங்க" என்றார். எழுதினேன்: "தெரியவைக்கப் பக்கத்துக் கடைக்காரர் இருக்கிறார், போட்டியாளரின் கண்ணைவிடக் கூரிய முத்திரை உண்டோ?" சொல்ல வருத்தமாக இருக்கிறது, மனுவைவிட இது ஒரு பிடி மேலாக அமைந்துவிட்டது. மனுவை இன்னும் தீட்ட வேண்டும். எடைக்கற்களோடு தெருத்தெருவாக நடந்தவர் தாங்கள்: ஒரு தெருவின் எல்லாக் கடைகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே அளவு குறைத்து நிறுத்ததைக் கண்டதுண்டா? உடனே பதில் எழுதவும்.