மாப்பிள்ளையின் ஷூவில் இனி ஒரு கீறல் கிடையாது

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். போன வாரம் மழையில் நனைந்த உங்கள் ஷூவை எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினீர்களே, உங்கள் பாதங்கள் மட்டும் சௌக்கியம்தானா என்று தெரியவில்லை.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "நல்லா இருக்கீங்களா சார்?" என்பீர்கள், நான் "ம்" என்பேன், அதற்குப் பிறகு இருவரும் யாராவது வந்து போனை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று காத்திருப்போம். கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் உங்கள் வாயில் 'மாமா' வரவில்லை. அத்தை என்று அவளை வாய் நிறையக் கூப்பிடுகிறீர்கள், என்னைக் கண்டால் மட்டும் சார். எனக்கும் காரணம் தெரியாமல் இல்லை. லைசென்ஸ் ஆபீஸில் நான் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் உங்களை இரண்டு தடவை ஃபெயில் செய்தேன். மூன்றாவது தடவை நீங்கள் டெஸ்டுக்கு வராமல் பெண் கேட்டு வந்தீர்கள், அதில் முதல் தடவையே பாஸ் போட்டுவிட்டேன். இருந்தாலும் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் பின் சக்கரம் கோட்டைத் தொட்டது. தொட்டது தொட்டதுதான். உங்கள் அத்தையோ, "அவர் சாப்பிடும்போது கூட மார்க் போடற மாதிரியே பார்த்தா அவருக்கு எப்படிங்க மாமான்னு கூப்பிட வரும்? நீங்கதான் ஏதாவது ஒட்டுதலா செய்யணும்" என்று என் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறாள். அப்படி ஒட்டுதலாக எதைச் செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஷூ என் கையில் கிடைத்தது.

மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். ஈரத்தைத் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் அடியில் வைத்துக் காய்ந்த பிறகு பார்க்கிறேன், முனை இரண்டும் கருத்துப்போய், பக்கவாட்டில் வெளுத்த கோடு கோடாக, குதிகால் பக்கம் யாரோ ஆணியால் கீறினாற்போல! வேலை பார்த்த காலமெல்லாம் வண்டிகளின் கீறலைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். எது கேட்டில் இடித்தது, எது சுவரில் உரசியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். இந்த மனிதர் வேலைக்காக எத்தனை படி ஏறி இறங்குகிறாரோ, எந்தப் பஸ்ஸில் எவன் மிதித்தானோ, புது ஷூ வாங்கக்கூட மனசு வராமல் எங்கள் பெண்ணுக்காக மிச்சம் பிடிக்கிறாரோ என்று நினைத்து ஷூவை மடியில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அத்தையிடம் சொன்னேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன், இந்த ஷூ கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படித்தான் இந்த வீட்டைவிட்டுப் போகும் என்று.

முதலில் ரப்பர். ஆமாம், பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பர்தான். ஷூவின் வெள்ளை அடிவிளிம்பில் இருந்த கறுப்புத் தீற்றல்களைத் தேய்த்தேன், மாயமாக மறைந்தன. அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்து பற்பசை. பற்பசையைப் பழைய பிரஷ்ஷில் வைத்து மெதுவாகத் தேய்த்தால் விளிம்பு பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஜன்னலோரம் இருந்த பிரஷ் பழைய பிரஷ் இல்லை, அது உங்கள் அத்தையின் நடப்பு பிரஷ். மறுநாள் காலை அவள் பல் தேய்த்துவிட்டு வெளியே வந்து, "ஏங்க, இன்னிக்கு பேஸ்ட்டு ஏன் ஒரு மாதிரி ரோட்டு வாசனை அடிக்குது?" என்று கேட்டாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்து உலகச் செய்திகளில் ஆழ்ந்துவிட்டேன். விஷயம் வெளியான பிறகு அன்று முழுவதும் எனக்கு டீ கிடையாது, நானே போட்டுக்கொண்டேன், அதிலும் சர்க்கரைக்குப் பதில் சமையல் சோடா. ஷூவுக்காகக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தது அது.

விளிம்பு சரி, மேல்தோல் மட்டும் மசியவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், சோடாவைக் குழைத்துப் பூசினேன், வினிகர் தடவினேன், வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி மணத்ததுதான் மிச்சம். அந்த வெளுத்த கோடுகள் அசையவே இல்லை. கடைசியில் மகள் இங்கே விட்டுப்போன நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். கோடு போய்விட்டது. கூடவே கலரும் போய்விட்டது. வலது ஷூவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு! ஆனதைப் பார்ப்போம் என்று கடைக்கு ஓடி பிரவுன் பாலிஷ் வாங்கி வந்து அடித்தேன். வலது ஷூ இருட்டிவிட்டது. அதற்கு ஜோடியாக இடதுக்கு அடித்தேன், இடது அதைவிட இருட்டிவிட்டது. வலதுக்கு இன்னொரு பூச்சு, இடதுக்கு இன்னொரு பூச்சு, இப்படி இரண்டும் ஒன்றையொன்று துரத்த, நான் நடுவில் உட்கார்ந்து டப்பாவை முக்கால்வாசி காலி செய்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்து, "நிறுத்துங்க, இதுக்கு மேல போனா கறுப்பு ஷூன்னு சொல்லித்தான் குடுக்கணும்" என்றாள்.

பாலிஷ் தோலில் நன்றாக இறங்க லேசான சூடு வேண்டும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அத்தையின் தலைமுடி உலர்த்தும் மிஷினைப் போட்டேன். அது ஓடுகிற நேரம் பார்த்து அவள் அயர்ன் பாக்ஸைப் போட, கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கோ இருக்கும் மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், நல்ல உச்ச ஸ்தாயியில் அறுபட்டு, அதே ஸ்தாயியில் மேலே ஏறி வந்தார். சண்டை போடத்தான் வந்தார். வந்தவர் நான் கறைபட்ட கையோடு இன்னும் பாலிஷ் ஏறாத இடது குதிகாலை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்கு? எதுக்கு சார் இப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க?" என்றார். பாவம், அவருக்குச் சுருதி தெரியும், ஷூ தெரியாது. நான் அந்தக் குதிகாலையும் முடித்துவிட்டுத்தான் ஃபியூஸைப் பார்க்கப் போனேன்.

ஆக, இந்தக் கடிதத்தோடு டப்பாவில் இருப்பது உங்கள் ஷூதான், பயப்படாதீர்கள். தேடிப் பார்த்தாலும் ஒரு கீறல் கிடையாது, குனிந்தால் முகம் தெரியும். நாளைக்கு மகள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இனி இப்படியே வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தினமும் இதையே போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். கழற்றும்போது ஒரு காலால் மறு குதிகாலை மிதித்துக் கழற்றாதீர்கள், உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக் கையால் கழற்றுங்கள். போடும்போது கரண்டிக் காம்பை வைத்துக் காலை நுழையுங்கள், ஆனால் கரண்டியை மகளுக்குத் தெரியாமல் எடுங்கள். படி ஏறும்போது காலைத் தூக்கி வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வலது குதிகால்தான் முதலில் தேயும். உங்களுக்கு அங்கே தேய்மானமே இல்லை என்பதை வைத்து நீங்கள் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்காக ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

என் செருப்பை மகளிடம் கொடுத்தனுப்பவும். பழசுதான், ஆனால் வருஷக்கணக்காக நடந்து நடந்து கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் என் காலுக்கு நிம்மதி. கழுவ வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், இருக்கிறபடியே வரட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஷூவைப் போடும்போது, இதற்காக ஒரு மனிதர் மூன்று நாள் முதுகு ஒடியக் குனிந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். சார் என்று கூப்பிட ஆபீஸில் நிறையப் பேர் இருந்தார்கள். மாமா என்று கூப்பிட எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், எடுத்து வைக்கிற அடியெல்லாம் ஏறுமுகமாக, நீடூழி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். அத்தையும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னாள். அவளுக்குப் புது பிரஷ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பாலிஷ் கறை இன்னும் போகாத கையால்,
உங்கள் மாமனார்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். டப்பாவைத் திறந்தாள். "அய்யோ அப்பா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று அலறினாள். முனை கருத்தது, பக்கத்தில் வெளுத்த கோடு, குதிகாலில் கீறல், அத்தனையும் ஷூ செய்தவன் கையாலேயே போட்ட வேலைப்பாடாம். பழசு மாதிரித் தெரிவதுதான் இப்போது அழகாம், அதற்காகவே தேடிப் பிடித்து வாங்கினீர்களாம். ரப்பர் போட்டு அழித்த விளிம்பு ஒன்றுதான் நான் செய்ததில் உருப்படியாம். அவள் திரும்புவதற்குள் இடது ஷூவை எடுத்துப்போய் மொட்டைமாடிச் சுவரில் நாலு உரசு உரசிப் பார்த்தேன், உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

மகள் உங்களுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். "சாருக்கு விஷயம் தெரியவே கூடாது. அவர் செருப்பு ரொம்பத் தேஞ்சிருந்துச்சுன்னு ஒட்டுதலா ஏதாவது செய்யலாமேன்னு கடையில குடுத்தேன். அவன் கட்டைவிரல் பள்ளத்தை எல்லாம் அடைச்சு புதுசா அடி போட்டுட்டான், கட்டை மாதிரி இருக்கு. உன் பையிலதான் வெச்சிருக்கேன். சார் என்னைக் கொன்னுடுவார்." "அப்பா இங்கதான் இருக்கார்" என்றாள் மகள். போனில் ஏதோ கீழே விழுந்து உருண்ட சத்தம். அப்புறம் வந்தது: "மாமா... மன்னிச்சுக்கங்க மாமா."

பழக்கதோஷம், "ம்" என்றுதான் சொன்னேன். ஆனால் உங்கள் அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சர்க்கரை போட்ட டீ கொண்டுவந்து வைத்தாள். ஆகையால் மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷூவில் நான் ஃபெயில், செருப்பில் நீங்கள் ஃபெயில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாசலில் உட்கார்ந்து, நான் உங்கள் ஷூவைக் கீறுகிறேன், நீங்கள் என் செருப்பில் பள்ளம் தோண்டுங்கள். அந்தப் பின் சக்கரத்தைப் பற்றி இனிமேல் வாயே திறக்கக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கிவிட்டாள். வாயைத் திறக்க மாட்டேன், எழுதத்தான் செய்கிறேன்: தொட்டது.