பிள்ளைக்கு முந்தைய இரண்டு வாரம்

கிளமெண்ட் முடிவு கட்டிவிட்டான். மாமனார் கார் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி, கப்பலே எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி, இப்போதைக்கு ஆஷ்லினை அனுப்புவதாக இல்லை.

தலைப்பிரசவம். ஏழாம் மாதம் முடிந்ததும் கொட்டாம்பட்டியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. "நீங்களும் வாங்க. வலி எடுக்கையில நீங்க பக்கத்துல இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். வீட்டோடு மாப்பிள்ளையாவதா? அதுவும் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வீட்டில்? மாட்டேன் என்றுவிட்டான்.

ஆனால் ஒத்தக்கடையை விட்டுத் தள்ளி, யானைமலை அடிவாரத்தில் இருந்த அந்தப் புது வீட்டில் தனியாகப் படுக்கவும் அவனால் ஆகாது. சுற்றிலும் வீடு கிடையாது. கல் நட்ட மனைகள்தான். பொழுது சாய்ந்தால் மலையின் நிழல் ஊர்ந்து வந்து, அந்தக் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, அவர்கள் வாசலில் வந்து நிற்கும். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. கணக்கு வாத்தியார் பயந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் கணக்கைக் கையில் எடுத்தான்.

"ஆஷ்லி, டாக்டர் எத்தன வாரங்கிறாங்க?"

"இருபத்தெட்டு."

"தப்பு. இருபத்தாறு."

"ஸ்கேன் பண்ணுனது நீங்களாக்கும்?"

"கேளு. கடைசி பீரியட்ஸ் வந்த மொத நாள்லருந்து எண்ணுறாங்க. கரு தங்குறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. ஆக, மொத ரெண்டு வாரம் பிள்ளையே கெடையாது! இன்னும் அட்மிஷனே போடாத பையனுக்கு அட்டெண்டன்ஸ் போடுவாங்களா? உங்கப்பாவ ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லு."

துணி மடித்துக்கொண்டிருந்த ஆஷ்லினின் கை நின்றது.

"அப்ப அந்த ரெண்டு வாரமும் அது எங்க இருந்துச்சு?"

"எங்கயும் இல்ல."

"வயசு மட்டும் ஓடியிருக்கே. ஆள் இல்லாம வயசு ஓடுமா? உள்ள இல்லேன்னா வெளிய நின்னுருக்கும்."

"வெளியன்னா?"

"வயித்துக்கு வெளிய. வீட்டுக்குள்ள." அவள் பின்னறைப் பக்கம் திரும்பினாள். "யாரு அம்மா, யாரு அப்பான்னு நின்னு பாத்துட்டுத்தானே உள்ள வரும்?"

சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல இருந்தது.

"சும்மா இரு புள்ள."

"நான் சும்மாதான் இருக்கேன். இது நீங்க போட்ட கணக்கு. அப்பல்லாம் அந்த ரூம் கதவு தானா தொறந்துக்கிட்டே இருந்துச்சுல்ல? அதுக்கப்புறம் ஒரு நாளாச்சும் தொறந்துச்சா?"

"அது காத்து."

"காத்து வந்து கொண்டிய எடுக்குமாங்க?"

கிளமெண்டுக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. வாய் ஒத்துழைக்கவில்லை.

பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கதவைப் பார்த்துக் கிடந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது, போகிற போக்கில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தான். கதவைப் பார்த்துக் கிடந்தது.

"நீ திருப்புனியா?"

"குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. நாற்காலிய வச்சு வெளயாடுறேனாக்கும்! யாராச்சும் உக்காந்திருந்தா கீழ தூசியில கால் பட்டிருக்கும். போய்ப் பாருங்க."

பார்த்தான். காலையில் அவன் வந்துபோன தடம் மட்டுந்தான் தூசியில் இருந்தது. வேறு ஒரு தடமும் இல்லை. பெரிய ஆள் உட்கார்ந்தால் கால் தரையில் பாவும். தரைக்கு எட்டாத கால் என்றால்?

அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. வாசலுக்கு ஓடிப் போய் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, ரெண்டு வாரமெல்லாம் வேணாம். இப்பவே வந்துருங்க."

"எந்த ரெண்டு வாரம் மாப்ள?"

"வாங்க மாமா, சொல்றேன். நானும் வாரேன்."

கார் வந்து நின்றது. பிள்ளைத்தாச்சிக்கு முன்னால் அவன் ஏறி உட்கார்ந்தான்.

கொட்டாம்பட்டி வீட்டில் பையை வைத்ததும் மனைவியின் காதில் கேட்டான். "அது இங்கயும் வந்துராதுல்ல?"

ஆஷ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எதுங்க? கரு தங்குன நாளு யாருக்கும் சரியாத் தெரியாது. பீரியட்ஸ் வந்த நாளு தெரியும். அதனால அங்கருந்து எண்ணுறாங்க, அம்புட்டுத்தான். டாக்டர் மொத நாளே சொன்னாங்க. நீங்க வெளிய பைக்குக்கு நிழல் தேடிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப என்னைய இங்க இழுத்துட்டு வரத்தான் இம்புட்டும் பேசுனியா?"

"வலி எடுக்கையில நான் யாரு கையப் பிடிக்கிறது?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையைத் தூக்கினான். "இப்பவே ஒத்தக்கடைக்குப் போறேன். யாரும் தடுக்காதீங்க."

யாரும் தடுக்கவில்லை.

"தாராளமாப் போங்க" என்றாள் ஆஷ்லின். "நான் சொன்னது மட்டுந்தான் பொய்."

வாசற்படி வரை போனவன் நின்றான். அவள் சொன்னது எது, தான் கண்ணால் பார்த்தது எது என்று மனசுக்குள் பிரித்துப் பார்த்தான். நாற்காலி, பார்த்த பக்கம் வந்து நின்றது. பிரித்திருக்கக் கூடாது.

"போறதுதான் போறேன், ஒரு குளியலப் போட்டுட்டுப் போறேன்" என்று பையை இறக்கி வைத்தான்.

குளியலறை கொல்லைப்புறம், முருங்கை மரத்தைத் தாண்டி. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாமா, கதவுக்கு வெளியதானே நிக்கிறீங்க? ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்களேன்."